பூஜ்யம் நியூட்டன்

“பூஜ்யமா? எப்படி சார் பூஜ்யம் வரும்?”

முதல் வரிசையில் குஞ்சன் எழுந்து நின்றாள். பின்னால் இருநூறு தலைகள் ஆமோதித்தன.

ராஜஸ்தானின் கோட்டா நகரில் கோச்சிங் வாத்தியார்களுக்குப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். தீனதயாள் நாகர் அங்கே டி.என். சார். கணக்குகளில் தன்னையே நுழைத்துக்கொள்வது அவர் வழக்கம். காலைத் தேர்விலும் அப்படித்தான். அறுபத்தெட்டு கிலோ டி.என். சார், நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் ஸ்கூட்டரில் வந்து, மூடிய இரும்புக் கேட்டில் மோதுகிறார். மோதல் நேரம் 0.1 நொடி. அவர் மீது விசை எவ்வளவு?

“உந்தம் மாறுற வீதம்தானே சார் விசை? ஆறாயிரத்து எண்ணூறு நியூட்டன் வருது. நீங்க போர்டுல ஒட்டின விடைக்குறிப்புல பூஜ்யம்!”

“டைப் பண்ணினவன் தப்பும்மா.”

“அது உங்க கையெழுத்து சார்!”

உண்மைதான். தேர்வு தொடங்கிய பிறகு அரக்கப்பரக்க வந்தவர், வந்த வேகத்தில் எழுதி ஒட்டியது. ஏன் பூஜ்யம் போட்டோம் என்று அவருக்கே விளங்கவில்லை. தப்பென்றால் எல்லோருக்கும் போனஸ் மார்க். அவருக்கு இந்த முதல்தர வகுப்பு போய், ஒன்பதாம் கிளாஸ் வாண்டுகள்.

சாக்பீஸை எடுத்தார். விரலிடுக்கில் நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி விழுந்தது. ஃபேன் காற்றில் மேஜைத் தாள்கள் படபடத்தன. அவர் சட்டைக் காலர் மட்டும் அசையவில்லை.

“கேட்ல ரப்பர் மெத்தை கட்டியிருக்குன்னு வெச்சுக்கோ. நேரம் கூடும், விசை குறையும்.”

“குறையும் சார். பூஜ்யம் ஆகாதே!”

“சரி, ஸ்கூட்டர் நின்னுது. சார் நின்னாருன்னு நான் சொன்னேனா? வேகம் மாறலைன்னா விசை பூஜ்யம்தானே?”

“அப்போ சார் கேட்டுக்குள்ள புகுந்து வந்துட்டாரா?”

வகுப்பே கூரை அதிரச் சிரித்தது. டி.என். சார் மட்டும் சிரிக்கவில்லை.

சத்தம் கேட்டு டைரக்டர் ராட்டோட் எட்டிப் பார்த்தார். “நாகர்ஜி, நிரூபிங்க. இல்லேன்னா நாளைக்கு ஒன்பதாம் கிளாஸ்.”

“நிரூபிக்கிறேன் சார். அதே ஸ்கூட்டர், அதே கேட். மெதுவா இடிச்சே காட்டறேன்!”

வாய் முந்திக்கொண்டது. வகுப்பே திரண்டு பின்னால் வந்தது. முற்றத்துச் சரளைக்கல் அவர்கள் காலடியில் நறநறத்தது. அவர் காலடியில் சத்தமே இல்லை.

ஸ்கூட்டர் நிற்கும் இடம் காலியாக இருந்தது. எங்கே நிறுத்தினோம்? ஹாரன் அடித்தது நினைவிருந்தது. பிரேக்கை மிதித்ததும், அது பிடிக்காததும் நினைவிருந்தன. அதற்கப்புறம் நேராக விடைக்குறிப்புதான்.

கேட் கம்பிகளுக்கு வெளியே காவலாளி மேவாலால் உடைந்த ஸ்கூட்டர் கண்ணாடியோடு நின்றிருந்தான்.

“என் ஸ்கூட்டர் எங்கேப்பா?”

மேவாலால் அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தான். கையிலிருந்த கண்ணாடி கீழே விழுந்தது.

“இங்கே அப்பளமா நொறுங்கிக் கிடக்கு சார். காலையிலேருந்து உங்களைத்தான் ரோடெல்லாம் தேடறேன். பரீட்சைக்குப் பூட்டின கேட்டை நான் இன்னும் திறக்கவே இல்லையே, நீங்க எப்படி உள்ளே வந்தீங்க?”