ஹயாத்து முகம்மதின் லைஃப் ஜாக்கெட்

எத்தாளைக் கடலில் எந்தக் காற்றுக்கும் அஞ்சாதவர் ஹயாத்து முகம்மது. அவருடைய பயமெல்லாம் வீட்டுக்குள்தான். பெயரிலேயே ஹயாத்தை, அதாவது உயிரை, வைத்துக்கொண்டு, வீட்டில் இன்னொரு ஹயாத்து வந்து சேர்ந்துவிடுமோ என்று நடுங்குகிற மனுசர். ஏற்கெனவே மூன்று பையன்கள். மூன்றும் கூரையைப் பிய்க்கிற ரகம்.

மனைவி றைஸாவுக்கு அந்த நடுக்கம் இல்லை. மிட்வைஃப் மிஸ் சொல்லிக் கொடுத்தபடி நாள் எண்ணுவாள். விடியற்காலையில் உடம்புச் சூடு பார்ப்பாள். பயமில்லாத நாளென்றால் "கடல் அமைதி" என்பாள். மற்ற நாளெல்லாம் "கொந்தளிப்பு". பிள்ளைகளுக்குப் புரியக் கூடாது என்று இந்தப் பாஷை. கொந்தளிப்புக்குக் காவல் ஆணுறை. அதற்குப் பெயர் லைஃப் ஜாக்கெட்.

"கடல் அமைதிதானே?"

"அமைதிதான்."

"எதுக்கும் ஜாக்கெட்டப் போடுவோம்."

"கிணத்தடியில குளிக்கிறவனுக்கு ஜாக்கெட் எதுக்குங்க?"

இப்படிப்பட்டவருக்குத்தான் அது நடந்தது. கொந்தளிப்பான நாள் ஒன்றில் ஜாக்கெட் கிழிந்தது.

"எங்க வச்சிருந்தீங்க இத?" என்றாள் றைஸா.

"போட்ல, எஞ்சின் பெட்டிக்குள்ள. பொடியன்மார் கண்ணுல படக் கூடாதெண்டு."

"அந்த வெயில்லயா? உப்புக் காத்துக்கு இரும்பே உக்கிப் போகுது. றப்பர் நிக்குமா?"

குற்றம் தன்னுடையது என்று அவருக்கே தெரிந்தது. மறுநாள் மாபெரும் தீர்மானம் ஒன்று எடுத்தார்: முடிவு தெரியும்வரை றைஸா ஒரு துரும்பையும் தூக்கக் கூடாது. கடலிலிருந்து வந்த கையோடு தண்ணீர் அள்ளினார், உடுப்புத் துவைத்தார், மீன் ஆணம் காய்ச்சினார். றைஸா கதிரையில் சாய்ந்திருந்து உப்புப் பார்த்துச் சொன்னாள்.

சரி, முடிவை எப்படித் தெரிந்துகொள்வது? வாய் விட்டுக் கேட்கப் பாதி வெட்கம், பாதி பயம். ஆனால் வழி ஒன்று இருந்தது. மாதவிலக்கு வந்துவிட்டால் றைஸா தொழ மாட்டாள். தொழுகைப் பாய் சுருட்டியபடியே கிடக்கும். அதனால் தினமும் பள்ளியில் அஸர் தொழுதுவிட்டு ஓடி வந்து திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பார். பாய் விரிந்திருக்கும். முக்காடு போட்டபடி றைஸா அதில் உட்கார்ந்திருப்பாள். மனைவி தொழாமல் இருக்க வேண்டும் என்று துஆக் கேட்டவர் அந்தக் கரையிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். கேட்டதும் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

ஒருநாள் சுற்றி வளைத்துக் கேட்டும் பார்த்தார். "என்ன புள்ள, ஏதும் விசேசமா?"

"அல்லாஹ் நாடினதுதான் நடக்கும். அந்த நண்டக் கழுவியாச்சா?"

நாள் தள்ளிப்போய்விட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நண்டைக் கழுவிக்கொண்டே நாலாவதுக்குப் பெயர் தேடினார். கொஞ்சம் பாசம்கூட வந்தது. இரவில் படுக்கப் பாய் போட இடமில்லாததைக் கண்டதும் வந்த பாசம் ஓடிப்போனது.

பிறகொரு நாள் எஞ்சின் பழுதாகி வெள்ளெனவே வீட்டுக்கு வந்தார். ஈரத்தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டு றைஸா கிணற்றடியிலிருந்து வந்தாள்.

"என்ன, இந்த நேரத்துல குளிப்பு?"

"மாத நாள் முடிஞ்சு சுத்தமாகிட்டேன், குளிச்சேன். இனித்தான் தொழத் தொடங்கோணும்."

"இனித்தானா! அப்ப இவ்வளவு நாளும் பாயில இருந்து என்ன செஞ்ச?"

"தஸ்பீஹ் ஓதினேன். தொழத்தான் கூடாது, அல்லாஹ்வ நினைச்சு திக்ர் செய்யலாமே. தொழுறேன் எண்டு நான் சொன்னேனா?"

"எனக்கு ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"நீங்க நேராக் கேக்கலயே. உங்கட ஆணமும் இப்பத்தானே ருசியா வரத் தொடங்கிச்சு."

ஹயாத்து முகம்மதுக்கு ஒரு பக்கம் ஆனந்தம், ஒரு பக்கம் ஆத்திரம். ஆத்திரம் முந்திக்கொண்டது.

"இனி இந்தக் குசினிப் பக்கமே வர மாட்டேன்!"

"வராதீங்க." றைஸா துவாயை உதறிக் கொடியில் போட்டாள். "நானும் இனி நாள் எண்ணப் போறதில்ல. பொம்புளப் புள்ள ஒண்டு இல்லயேண்டு எனக்கும் எவ்வளவு நாளா ஆச."

அடுத்த நிமிடம் குசினிக்குள்ளிருந்து ஹயாத்து முகம்மதின் குரல் வந்தது.

"தேங்கா முழுசாத் திருவவா, பாதி போதுமா?"