மச்சானின் அக்குளில் எழுந்த மரபணு

மண்டபம் நிரம்பி, மாடிப்படி நிரம்பி, ஒருவர் மின்விசிறியில் தொங்க இடம் கேட்டார் என்றால் நம்பமாட்டீர்கள். நம்பாதீர்கள். நல்ல பழக்கம் அது. அன்று அங்கே யாரிடமும் இல்லாத பழக்கம்.

மேடையில் மரபணு மகான். வெள்ளைக் கோட்டு, வெண்கலத் தொண்டை. உடம்புக்குள் தூங்குகிற மரபணுக்களைக் கூப்பிட்டு எழுப்புவாராம். வழுக்கைக்கு முடி, குள்ளருக்கு உயரம், சர்க்கரை நோயாளிக்குச் சொந்த இன்சுலின்!

அவர் கொடுக்கும் கண்ணாடிக் குழாயில் கலங்கலாய் ஏதோ இருக்கும். அதில் துப்ப வேண்டும். மேலே பத்துச் சொட்டு ‘விழிப்பு நீர்’ விடுவார். மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பொழுது சாயும்வரை அவரோடு “எழு! எழு!” என்று கத்த வேண்டும். குழாய் நீலமானால் மரபணு எழுந்துவிட்டது. அத்தனை பேரும் ஒரு கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, இறக்கை ஒடிந்த கோழிப்பண்ணை போலிருந்தது.

முதல் வரிசைக் கோழி என் மச்சான், என் மனைவியின் அண்ணன். இன்சுலின் ஊசியில் ஓடுகிற உயிர். போன வாரம் இவர் குழாய் நீலமாகிவிட்டதாம். இன்று மாலை ஊசிப்பையை மகானின் காலடியில் போட்டுவிட்டு, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யப் போகிறார்.

“மச்சான், ஊசிய விட்டா ஆளே போயிடுவீங்க.”

“உங்க மண்டையில ஒரு முடி முளைக்கல. அந்த வயித்தெரிச்சல்ல பேசாதீங்க!”

அவர் மகள் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள். விழிப்பு நீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். “லேசா இனிக்குது மாமா,” என்று கண்ணடித்துவிட்டு எழுந்தாள்.

“குருவே, உங்க குரலுக்கு எந்த மரபணுவும் எழுமா?”

“கல்லுக்குள்ள இருக்கிற தேரையோட மரபணுவே எழும்மா!”

“அப்ப அதே நீர் விட்டு ரெண்டு குழாய் குடுங்க. ஒண்ணை மாமா உங்க குரல் கேக்காத இடத்துக்குக் கொண்டுபோவார். இன்னொண்ணு அப்பா அக்குள்ல, உங்க பக்கத்துலயே. அதுல மட்டும் ஒரு சிட்டிகை குளுக்கோஸ்.”

சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட, மச்சான் சட்டைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும். மகான் குழாய்ப்பெட்டியை மூடப் பார்த்தார். கூட்டம் விடவில்லை. “போடட்டும் குருவே! குளுக்கோஸுக்கா பயம்?”

நான் வண்டி நிறுத்துமிடத்தின் கோடிக்குப் போனேன். குழாயில் துப்பக்கூட இல்லை. அக்குளில் இடுக்கி, “ஆராரோ, எழுந்தா உதைதான்” என்று தாலாட்டே பாடினேன். காவல்காரர் வேலையை விட்டுவிட்டே ஓடிப்போனார். மாலையில் எடுத்துப் பார்த்தால், நீலம்! மைப்புட்டி தோற்றது.

உள்ளே மகானின் வெண்கலத் தொண்டை ஓட்டைத் தகரமாகியிருந்தது. மச்சானின் குழாயோ கஞ்சித்தண்ணி நிறம் மாறவில்லை.

“குழாய்ல இருக்கிறது பாக்டீரியாப்பா,” என்றாள் மகள். “விழிப்பு நீர்ல பால் சர்க்கரை. அது வந்தா, அதைச் செரிக்கிற மரபணுவோட பூட்டு திறக்கும். அப்ப உருவாகிற நொதி, கூடக் கலந்திருக்கிற சாயத்தையும் வெட்டி நீலமாக்கும். அக்குள் சூடு அதுக்குத் தொட்டில். ஆனா சுலபமா குளுக்கோஸ் கிடைச்சா, அது தீர்ற வரைக்கும் பால் சர்க்கரைய ஏறெடுத்தும் பாக்காது.”

“அப்ப என் இன்சுலின் மரபணு?”

“நம்ம செல்லு வேறப்பா. அங்க மரபணு நூல்கண்டு மாதிரி புரதத்துல சுத்தி, உட்கருவுக்குள்ள பத்திரமா கிடக்கு. கண்டு பிரியணும், பல புரதங்கள் கூடி வந்து உக்காரணும், அப்பதான் வேலை நடக்கும். இன்சுலின் மரபணு உங்க தோல்லயும் இருக்கு, ஆனா அங்க மூடியே கிடக்கும். கணையத்துல சில செல்லுலதான் திறக்கும். கத்தினா தொண்டைதான் பிரியும்.”

“குளுக்கோஸ் ஒரு தீய சக்தி!” என்று கீச்சிட்டபடி மகான் பின்கதவைத் தேடினார். அங்கே வழுக்கைத் தலைகள் வரிசையாய் மின்னின.

மச்சான் ஊசிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “வாம்மா, வீட்டுக்குப் போவோம். ஊசி போட்டுட்டுச் சாப்பிடணும்.” என்னைப் பார்த்து, “மச்சான், சிரிச்சீங்க, கொன்னுடுவேன்.”

சிரித்தேன். உயிரோடிருக்கிற மச்சானிடம்தானே திட்டு வாங்க முடியும்!

மூளையே இல்லாத ஒற்றைச்செல் கிருமி, பக்கத்தில் என்ன கிடக்கிறது என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் தன் பூட்டைத் திறக்கிறது. மூளையுள்ள பெரியோர்களே, உங்கள் கண்டு எப்போது பிரியும்?