பீக்கிங் அரண்மனைக் கதவு திறந்த வரலாறு

சீன தேசத்தைச் சீனாக்காரர்களின் அலட்சியத்திலிருந்து மீட்டு உலகத்தின் கையில் ஒப்படைத்த பெருமை மதுரை மாநகரத்தையே சாரும். சந்தேகப்படுகிறவர்கள், 1936-ஆம் வருஷம் கீழமாசி வீதியில், பாதுஷா ராவுத்தரின் பீங்கான் கடைக்கு மேல்மாடியில் ஞாயிறுதோறும் நடந்த சொற்பொழிவுகளைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கக் கொடுத்து வைக்காதவர்கள் பாவம் செய்தவர்கள். கேட்டவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்பது வேறு விஷயம்.

சொற்பொழிவாளர் ஸ்ரீமான் கடம்பவனம், பி.ஏ. வகுப்பு வரை. அவர் சீனாவுக்குப் போனதில்லை. வைகையில் நாலு நாள் தண்ணீர் வந்தால் அக்கரைக்கே போகமாட்டார். இதை ஒரு குறையாக எண்ணிவிடக் கூடாது. போய்ப் பார்த்தவனுக்குப் பார்த்தது மட்டும்தானே தெரியும்? போகாதவருக்கு எல்லாமே தெரியும். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு துரையின் ஏலத்தில், திரையில் படம் காட்டும் மாஜிக் லாந்தர் ஒன்றும் ஒரு பெட்டி கண்ணாடிப் படங்களும் அவர் கைக்கு வந்தன. வந்த வேகத்தில் ‘சர்வதேச சகோதரத்துவ சபை’ முளைத்துவிட்டது. அங்கத்தினர்களைவிடக் காரியதரிசிகள் அதிகம் என்று சில பொறாமைக்காரர்கள் பேசினார்கள். உழைப்புக்கு அஞ்சாத சபை என்பதைத்தான் அது காட்டுகிறது.

அந்த உழைப்பு முழுவதையும் தலையில் சுமந்து மாடி ஏறியவன் அழகுமலை.

அவனுக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் ஊர். சொந்தமாகக் கையகல நிலம் கிடையாது. மழை ஏமாற்றியதால் மதுரைக்கு வந்து ராவுத்தர் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை லாந்தர்ப் பெட்டியைத் தூக்குவதற்கு மட்டும் கூலி வாங்குவதில்லை. கூலி வாங்கினால் காரியம் கெட்டுவிடுமோ என்று பயம்.

காரியம் வேறொன்றுமில்லை. நான்கு வருஷத்துக்கு முன் அவன் மகள் தங்கப்பொண்ணு விஷக் காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தாள். பெண்சாதி ராக்கம்மாள் தலைவிரிகோலமாகத் தெருவில் விழுந்து, “ஆத்தா மீனாச்சி, எம்புள்ளையக் குடுத்துரு. ஒன் சன்னதிக்கே கூட்டியாந்து அவ மொகத்தை ஒனக்குக் காட்டுறேன்” என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்துவிட்டது. தங்கள் சாதிக்காரர்களைக் கோபுர வாசலுக்கு உள்ளே விடமாட்டார்கள் என்பது அதற்கப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. பிள்ளை சாகக் கிடக்கிறபோது சட்டதிட்டமெல்லாம் எந்தத் தாய்க்கு ஞாபகம் இருக்கும்? இப்போது தை பிறந்தால் தங்கப்பொண்ணுக்குக் கல்யாணம். ஆத்தாளுக்குச் சொன்ன சொல்லைத் தீர்க்காமல் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று ராக்கம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள்.

அழகுமலை தயங்கித் தயங்கிக் கடம்பவனத்திடம் விஷயத்தைச் சொன்னான்.

“இம்புட்டுத்தானா? கோவில் ஆசாமிகள் எல்லாம் நம்ம கைக்குள்ளடா! ஒரு வார்த்தை போட்டாப் போதும்” என்றார் அவர். “சீனாவை முடிச்சுட்டுப் போட்டுப்புடுறேன்.”

“சீனா முடிய எம்புட்டு நாளாகும் சாமி?”

“பெரிய தேசம்டா.”

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு சிக்கல் வந்தது. படத்தை மாற்ற, திரியைத் தூண்ட, அழகுமலை லாந்தர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அவன் உள்ளே வருவதில் இடத்துக்குச் சொந்தக்காரரான ராவுத்தருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் சகோதரத்துவ சபையார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் நல்லகாமன், ரிட்டையர்டு தாசில்தார், வரப்புத் தகராறுகள் பல தீர்த்த அனுபவசாலி. அவர் தீர்ப்புச் சொன்னார். லாந்தரை வாசற்படி மேல் வைப்பது. அதன் மூக்கு உள்ளே, முதுகு வெளியே. வெளிச்சம் சபைக்குள் போகும். விளக்கைத் தூண்டுகிறவன் வெளியே நிற்பான். ஜெனீவாவில் கூடிப் பேசும் சர்வதேசச் சங்கத்துக்குக்கூட இப்படி ஒரு நேர்த்தியான யோசனை தோன்றியிராது.

ஜன்னல்களுக்குச் சாக்குப்படுதா கட்டியதும் ஹாங்சௌ நகரம் ஆரம்பமாயிற்று.

“இதோ மேற்கு ஏரி! எண்ணூறு வருஷத்துக்கு முன் அரசர்கள் இந்த ஊரைத் தலைநகரமாக்கிக்கொண்டார்கள். எதற்கு? இந்த ஏரியைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு!” என்றார் கடம்பவனம்.

“வண்டியூர்த் தெப்பக்குளத்தைவிடப் பெரிசா?” என்றார் தாசில்தார், சற்றுக் கடுமையாக.

“பெரிசுதான். ஆனா நடுவுல மைய மண்டபம் கிடையாது.”

“மைய மண்டபம் இல்லாம என்னய்யா ஏரி?”

சபை நிம்மதியாக மூச்சுவிட்டது. நடு ஏரியில் மண்டபம் உண்டா இல்லையா என்பதைச் சீனாக்காரர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

மறுவாரம் கான்டன். திரையில் படகுகள் தெரிந்தன. ராவுத்தர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“அண்ணே, இது போன வாரம் வந்த ஏரியில்ல?”

“சீனாவுல தண்ணியெல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும் ராவுத்தரே” என்று கடம்பவனம் அடக்கமாகப் பதில் சொல்லிவிட்டு மேலே போனார். கான்டன் துறைமுகத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அரபுக் கப்பல்கள் வந்ததையும், ஆற்றிலே ஒரு ஜனக்கூட்டம் படகிலேயே பிறந்து படகிலேயே சாவதையும் விவரித்தார். “கரையில் குடியேற அவர்களை நெடுங்காலம் விடவில்லை! இழிந்த ஜனங்களாம்! தொட்டால் தீட்டாம்!”

“சண்டாளப் பயலுக!” என்று கத்தினார் வக்கீல் குமாஸ்தா பேச்சிமுத்து. கான்டன் கரையை உடனடியாகப் படகுக்காரர்களுக்குத் திறந்துவிடும்படி ஒரு தீர்மானம் நிறைவேறியது. அதைத் தந்தியடிக்கத்தான் நினைத்தார்கள். விலாசம் தெரியாததால் விட்டுவிட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் அழகுமலை, “சாமி, அந்த வார்த்தை...” என்று தலையைச் சொறிந்தான்.

“ஷாங்காய் முடியட்டும்டா.”

ராவுத்தருக்கு மனசு கேட்கவில்லை. “அழகுமலை, கோரிப்பாளையம் தர்காவுக்குன்னா இப்பவே ஒம்மகளைக் கூட்டியா. நானே கூட வாரேன். ஒரு பய கேக்கமாட்டான். ஆனா ஒம்பொஞ்சாதி வேண்டுனது அங்கனயில்லையே!”

“ஆமா முதலாளி. வேண்டுன எடத்துலதான குடுக்கணும்.”

ஷாங்காயின் எட்டு மாடிக் கட்டடங்களைக் கண்டு சபை வாய்பிளந்தது. மீன்பிடிக்கிற ஊராக இருந்தது நூறு வருஷத்தில் எப்படி வளர்ந்துவிட்டது என்று கடம்பவனம் கையை மேலே மேலே தூக்கிக் காட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆற்றங்கரையில் வெள்ளைக்காரர்கள் ஒரு பூங்கா போட்டார்கள். சீனாக்காரன் மண்ணில்! ஆனால் சீனாக்காரனை உள்ளே விடவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்புதான் விட்டார்கள்.”

பேச்சிமுத்து எழுந்து நின்றார். உதடு துடித்தது. “மனுசனை மனுசன் உள்ள விடாம வெளியில நிறுத்துறதாவது! ஐயோ, கேக்கவே நெஞ்சு வெடிக்குதே!” என்று மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பி, “டேய், தள்ளி நில்றா, காத்து வரல” என்றார்.

அழகுமலை தள்ளி நின்றான்.

அன்றைக்குக் கடம்பவனமே அவனைக் கூப்பிட்டார். ஷாங்காய் வெற்றியில் மனம் குளிர்ந்திருந்தது. “அடுத்த ஞாயிறு பீக்கிங். அத்தோட சீனா தீந்துச்சு. ஒம்மகளை வரச் சொல்லிரு. கூட்டம் முடிஞ்ச கையோட கோவிலுக்குப் போயிருவோம்.”

அழகுமலைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊருக்குச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸிலேயே ராக்கம்மாளும் தங்கப்பொண்ணும் வந்து இறங்கிவிட்டார்கள். கல்யாணத்துக்கென்று எடுத்த சேலையை அன்றைக்கே கட்டியிருந்தாள் பெண். தேங்காய் பழத் தட்டோடு ராவுத்தர் கடை வாசலில் இருவரும் காத்திருந்தார்கள். உட்கார்ந்தால் சேலை கசங்கும் என்று தங்கப்பொண்ணு உட்காரவேயில்லை.

மாடியில் பீக்கிங் தொடங்கியது. கடம்பவனம் அன்றைக்குப் போல் என்றைக்கும் பேசியதில்லை.

“ஐந்நூறு வருஷத்து அரண்மனை! மஞ்சள் ஓடு, சிவப்பு மதில், சுற்றிலும் அகழி. நாலு திசைக்கு நாலு வாசல். உள்ளே ராஜா. ஊர் ஜனங்கள் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது! வைத்தால் தலை போய்விடும். அதற்கு விலக்கப்பட்ட நகரம் என்றே பெயர்!”

“கட்டுனது யாரு?” என்று கேட்டார் பேச்சிமுத்து.

“வேறு யார்? கூலிக்காரர்கள்தான். லட்சக்கணக்கில்!”

“கட்டுனவனையே உள்ள விடலையா? இது அடுக்குமாய்யா?”

படத்தைப் பிடித்திருந்த அழகுமலை திரையை எட்டிப் பார்த்தான். உயர்ந்த மதிலையும் நாலு வாசலையும் எங்கேயோ பார்த்துப் பழகின மாதிரி இருந்தது அவனுக்கு. மாடிப்படியிலிருந்து பார்த்தால் கிழக்குக் கோபுரம் தெரிந்தது. கீழே தங்கப்பொண்ணின் தலையும், தலை நிறைய வைத்திருந்த பூவும் தெரிந்தன.

“ஆனால் சகோதரர்களே, ஜனங்கள் விழித்துக்கொண்டார்கள்! ராஜா போனார். பதினோரு வருஷத்துக்கு முன் கதவைத் திறந்துவிட்டார்கள். இன்றைக்கு எவனும் போகலாம், எவளும் போகலாம்!”

கைதட்டலில் கீழே கடையில் அடுக்கியிருந்த பீங்கான் ஜாடிகள் கிணுகிணுத்தன. தாசில்தார் எழுந்து தீர்மானத்தை முன்மொழிந்தார். ‘மனிதனை வாசலுக்கு வெளியே நிறுத்தும் எந்த மதிலும் நாகரிகத்துக்கு இழுக்கு என இச்சபை கருதுவதுடன், கதவைத் திறந்த சீன மக்களை மனமாரப் பாராட்டுகிறது.’ ஏகமனதாக நிறைவேறியது. மறுபடி கைதட்டல்.

“யாருக்காவது சந்தேகம் உண்டா?” என்றார் தாசில்தார் வழக்கம்போல. யாருக்கும் எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை.

“எனக்கு ஒண்ணு இருக்கு சாமி” என்று வாசற்படிக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். கடம்பவனத்துக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. பாமரனையும் தட்டி எழுப்பிவிட்டோமே! “கேளுடா, கேளு!”

“அந்த அரமனைக்கு என்னைய மாதிரி ஆளும் போலாமா சாமி?”

“தாராளமாப் போலாம்டா! அங்க ஒன்னைய யாரு தடுக்கிறது?”

“சரிங்க சாமி. அப்ப நம்ம ஆத்தா வாசலு? இன்னிக்கு உள்ள கூட்டிட்டுப் போறேன்னீகளே. புள்ள கீழ நிக்கிது.”

பேச்சிமுத்து சாக்குப்படுதாவை ஆராய ஆரம்பித்தார். பேச வாயெடுத்த ராவுத்தரைக் கையமர்த்திவிட்டுத் தாசில்தார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“கேள்வி பொருளுக்குப் புறம்பானது. இன்றைய பொருள் சீனா. மதுரை நிகழ்ச்சிநிரலில் இல்லை.”

கடம்பவனம் வாசற்படி வரை வந்து, தொடாத தூரத்தில் நின்று குசுகுசுத்தார். “சபையில வச்சு மானத்தை வாங்குறியேடா! நான் மாட்டேன்னா சொன்னேன்? அடுத்த வாரம் ஜப்பான் ஆரம்பிக்குது. சின்னத் தேசம்தான். சட்டுனு முடிஞ்சிரும்.”

அழகுமலைக்கு அழுகை வரும்போலத்தான் இருந்தது. ஆனால் வந்தது கோபம். இத்தனை ஞாயிற்றுக்கிழமை இந்தப் பெட்டியைத் தூக்கினோமே என்று தன் மேலேயே கோபம்.

“ஜப்பானை வேற ஆளைவச்சுத் தூக்கிக்கங்க சாமி” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அவன் தலை மறைந்ததும், சீனாவை வெற்றிகரமாக முடித்த ஸ்ரீமான் கடம்பவனத்துக்கு மூன்றாவது முறையாகக் கைதட்டினார்கள்.

கீழே ராக்கம்மாள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. தங்கப்பொண்ணு அவசர அவசரமாக முந்தானையைச் சரிசெய்தாள்.

“மேல அம்புட்டுக் கைதட்டு தட்டுனாகளே, கேட்டுச்சு! கதவைத் தெறந்துட்டாகளா?”

“தெறந்துட்டாக” என்றான் அழகுமலை. “சீனாவுல.”