சல்லடைக்கு விழுந்த ஓட்டு

தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே தீர்த்தகிரி முடிவை அறிவித்துவிட்டார். நாட்டில் இரண்டே கட்சிதான். அதில் தன் கட்சிதான் ஜெயிக்கும். புதிதாக முளைத்த மூன்றாவது கட்சி டெல்லி வரை ஆட்டம் காட்டுகிறது என்று டிவியில் சொன்னால், டிவிக்காரனுக்கு விவரம் போதாது.

காரிமங்கலம் பக்கத்திலிருக்கும் அந்த ஊரில் அவர் பேச்சுக்குத் தனி மதிப்பு. விதைப்பதானாலும் போர் போடுவதானாலும் முதலில் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள். கேட்டுப் போனவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று அவர் போய்ப் பார்த்ததில்லை. அவர் சொல்லி ஊர் தட்டுமா என்ன.

வம்பு வீட்டுக்குள்ளேதான் இருந்தது. மனைவி யுவராணி மூன்றாவது கட்சி. அதன் சின்னம் சல்லடை.

"சல்லடை பூரா ஓட்டை. அதுல ஓட்டு எப்படி நிக்கும்?" என்று கேட்டுவிட்டு, தன் சிலேடைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

"ஓட்டை இல்லாட்டி அதுக்குப் பேரு தட்டுங்க," என்றாள் யுவராணி. "பந்தயம் வெச்சுக்கலாமா? நம்மூரு பூத்துல எந்தக் கட்சி முந்துதுன்னு பாப்போம். தோத்தவங்க அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும் தினம் களி கிண்டணும்."

கல்யாணமான நாளிலிருந்து தீர்த்தகிரி களித்துடுப்பைத் தொட்டதில்லை. இனிமேலும் தொடப்போவதில்லை என்ற தைரியத்தில் சரி என்றார்.

மறுநாளே வீடு வீடாக ஏறி இறங்க ஆரம்பித்தார். யுவராணி தடுக்கவே இல்லை. வேட்டிக்கு இஸ்திரி போட்டு வைத்தாள். தொண்டை கட்டியபோது மிளகுப்பால் கொடுத்தாள். மேற்குத் தெருவை விட்டுவிட்டீர்களே என்று நினைவுபடுத்தி அனுப்பியதும் அவள்தான். தான் மட்டும் வாசலைத் தாண்டவில்லை. பாவம், இப்போதே தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று அவருக்கு இரக்கமாகக்கூட இருந்தது. அவள் களி கிண்டும்போது பானையை வேண்டுமானால் பிடித்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு சலுகை அறிவித்தார்.

முடிவு வந்தது. டெல்லியில் இரண்டு பெரிய கட்சிக்கும் மெஜாரிட்டி இல்லை. சரித்திரத்தில் இல்லாத அதிசயமாக இரண்டும் சல்லடைக் கட்சியின் வாசலில் காத்து நின்றன. உள்ளூர் பூத்திலோ சல்லடைதான் முந்தியது; தீர்த்தகிரியின் கட்சிக்கு விழுந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சாயங்காலம் சல்லடைக் கட்சிக்காரர்கள் மேளத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். யுவராணிக்கு மரியாதை செய்ய வருகிறார்கள் என்று அவர் ஒதுங்கி நின்றார். பக்கத்து நிலத்துக் கோவிந்தன் நேராக வந்து அவர் தோளில் சால்வையைப் போர்த்தினான்.

"எனக்கு எதுக்குடா இது?"

"நீங்க தக்காளி போடச் சொன்னீங்க, நான் சாமந்தி போட்டுப் பொழைச்சேன். மேக்கால போர் போடச் சொன்னீங்க, கெழக்கால போட்டேன், தண்ணி வந்துச்சு. இந்தத் தடவ யாருக்குப் போடறதுன்னு ஊரே கொழம்பிக் கெடந்துச்சுங்கண்ணா. நீங்க வூடு வூடா வந்து சொன்னப்புறந்தான் தெளிஞ்சோம்."

தீர்த்தகிரி சால்வையோடு மனைவி பக்கம் திரும்பினார். "நீ வூட்டு வாசலையே தாண்டலையே?"

"எனக்கும் சேத்து நீங்கதான் அலைஞ்சீங்களே," என்றாள் யுவராணி. "மாவு சலிச்சு வெச்சுட்டேன், உலை கொதிக்குதுங்க."