கொல்லிமலையில் எனக்கு எதற்கு ஏசி

பிப்ரவரி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். மேகம் இல்லை, காற்று இல்லை. சேலத்து வெயில் அப்போதே மண்டையைப் பிளந்தது. பழைய கார் கண்காட்சியின் நடுவர் என் அம்பாசடரின் முன்சீட்டில் உட்கார்ந்து பதினேழு முறை தும்மினார். எண்ணியது நான்தான். முப்பத்தாறு வருடம் வங்கியில் காசாளராக இருந்தவனுக்கு எதையும் எண்ணாமல் விட வராது.

எல்லாவற்றையும் எண்ணுகிறவன் எல்லாவற்றையும் கவனிப்பான் என்று நம்பிவிடாதீர்கள். அதற்கு முந்தைய வருடம் இதே நடுவர் என் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். நான்கு திருகு ஓட்டைகள். "இங்க இருந்த ஏசி எங்கீங்க?" என்றார். எண்பத்தாறாம் வருட வண்டி அது. முதலில் வாங்கியவர் டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் ஏசிப் பெட்டியோடு வாங்கியிருக்கிறார். நடுவில் யாரோ கழற்றி விற்றுவிட்டார்கள். ஏசியோடு பிறந்த வண்டி ஏசி இல்லாமல் முழுமை ஆகாது என்று சொல்லிவிட்டு நடுவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். ஆறு வருடமாக ஒவ்வொரு நட்டாகத் தேடிச் சேர்த்தவன் நான். அந்த நான்கு ஓட்டைகளை மட்டும் எண்ணியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ராஜாமணி தீர்ப்புச் சொன்னாள்.

"இன்னும் ஒரே வருசமுங்க. அப்பவும் பரிசு வல்லீன்னா வண்டிய வித்துப்போடோணும். வண்டி நிக்கற கொட்டாயில ஆடு கட்டோணும்."

வாங்குகிற ஆளையும் பேசி வைத்திருந்தாள். (விலையை மட்டும் என்னிடம் கடைசி வரை சொல்லவில்லை.)

நாங்கள் இருப்பது கொல்லிமலை மேல், ஆலத்தூர் நாட்டில். (இங்கே ஊர்களுக்கு நாடு என்றுதான் பெயர்.) மார்கழியில் இங்கே ஃபேன் போடுகிறவனையே ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பல் தந்தியடிக்க, ஊர் ஊராக ஃபோன் போட்டு ஏசி கேட்டேன். புதுசு மாட்டிக்கொள்ளலாமே என்றார்கள் எல்லாக் கடைக்காரர்களும். புதுசு கூடாது, அதே காலத்துப் பெட்டி, அதே காலத்துக் கம்ப்ரஸர் வேண்டும் என்றேன். கரூரிலிருந்து ஒருவர் அசல் எண்பத்தாறு என்று சத்தியம் செய்து அனுப்பிய பார்சலைப் பிரித்தால் உள்ளே இருந்தது ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர். ஆனாலும் நான் விடவில்லை. நாற்பத்தொரு கடைகளுக்குப் பிறகு, கடைசியில் பால் வண்டி ஓட்டுகிறவர்தான் வழி சொன்னார். வாழவந்தி நாட்டில் பாப்பாத்தி என்பவரின் காட்டில் இதே மாதிரி வண்டி ஒன்று சும்மா நிற்கிறதாம்.

சும்மா நிற்கவில்லை. சக்கரம் இல்லாமல் நான்கு கற்களின் மேல் நின்ற அந்தக் காரின் கதவைத் திறந்ததும் அடுப்படிக் காற்று முகத்தில் அடித்தது. சீட்டெல்லாம் பிடுங்கிவிட்டு, உள்ளே தட்டுத் தட்டாக மிளகு காய்ந்துகொண்டிருந்தது. வெளியே காயப்போட்டால் பனி விடுவதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காருக்குள் மூன்றே நாளில் காய்ந்துவிடும் என்றார் பாப்பாத்தி. டேஷ்போர்டுக்கு அடியில், மிளகுத் தட்டுக்கு நேர் மேலே, நான் ஒரு வருடமாகக் கனவு கண்ட பெட்டி தொங்கியது. அதன் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் அந்தக் காலத்துக் காகித ஸ்டிக்கர் கிழியாமல் ஒட்டியிருந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. (மிளகும் காரணமாக இருக்கலாம்.)

விலை சீக்கிரமே படிந்துவிட்டது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

"பெட்டியக் கழட்டுனா அந்தச் சந்துல எலி வருமுங்க. பாதி மொளகு இன்னும் கொடியிலயே கெடக்குது. அத நான் எங்கீங்க காயப்போடறது?" என்றார் பாப்பாத்தி.

"அறுவடை முடியட்டும்மா, அப்புறம் கழட்டிக்கறேன்."

"அது மாசி கடைசி ஆவுமுங்க."

கண்காட்சி பிப்ரவரி ஒன்பது. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது அவரே வழி சொன்னார்.

"உங்குளுதும் இதே வண்டிதானுங்களே. கொண்டாந்து நிறுத்துங்க. மீதிய இப்பவே பறிச்சு ரெண்டு வண்டியிலயும் போட்டுப்போடறேன், நாலு நாளு காயட்டும்."

ஆறு வருட உழைப்பு. அசல் நிறம். அந்தக் காலத்து ரெக்ஸின் உறை. அதற்குள் ஈர மிளகா? மானமுள்ளவன் மறுத்திருப்பான். நான் மறுநாளே கொண்டுபோய் நிறுத்தினேன். நாலு நாள் என்றது பதினொரு நாள் ஆனது. தினமும் பஸ்ஸில் போய் என் காரைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, தட்டுகளை எண்ணிவிட்டு வந்தேன். நோயாளியைப் பார்க்கப் போகிறவனைப் போல ஒருநாள் ஆரஞ்சுகூட வாங்கிப் போனேன், பாப்பாத்தி சாப்பிட்டார்.

கழற்றிய சாமான்களை மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி மெக்கானிக் என் காரில் மாட்டினார். பழைய கேஸ் இப்போது கிடைப்பதில்லை என்று வேறு கேஸ் ஏற்றினார். கேஸின் வயதை நடுவர் கேட்கமாட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். முடிக்கும் நேரத்தில், பெட்டியைப் பிரித்து உள்ளே காற்றடித்துச் சுத்தம் செய்யலாம் என்றார் அவர். பிரித்தால் ஸ்டிக்கர் கிழியும். கிழிந்தால் அசல் போய்விடும்.

"தொடாதீங்க," என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை.

சீட்டை மூன்று முறை துடைத்தேன், சாம்பிராணி போட்டேன். மலை மேல் ஒரு நிமிடம், ஒன்றாம் நம்பரில் ஏசியைப் போட்டுப் பார்த்தேன். சில்லென்று வந்தது. ஏற்கெனவே குளிரில் விறைத்திருந்த ராஜாமணி பார்த்த பார்வையில் உடனே அணைத்துவிட்டேன்.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை. நடுவர் குனிந்து ஸ்டிக்கரைப் பார்த்தார். விரலால் மெல்லத் தொட்டார். சிரித்தார். பின்சீட்டில் ராஜாமணி, வாங்க வருகிறவரின் நம்பர் உள்ள ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவர் கண்ணாடிகளை ஏற்றச் சொன்னார்.

"மூணாம் நம்பர்ல போடுங்க."

போட்டேன். ஒரு விநாடி ஒன்றும் இல்லை. பிறகு பெட்டி ஒருமுறை கனைத்தது. பல வருடத்து மிளகுத் தூசி, தோல், காம்பு எல்லாம் ஒன்றாகக் குளிரக் குளிர எங்கள் முகத்தில் வந்து அடித்தது. நடுவர் பதினேழு. ராஜாமணி பன்னிரண்டு. நான் ஒன்பது, எண்ணிக்கொண்டிருந்ததால் குறைந்திருக்கலாம். கதவு கைப்பிடியைத் தேடுவதற்குள் மூன்று பேருக்கும் கண் தெரியவில்லை. வெளியே வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

எப்படியோ வெளியே வந்த நடுவர் நான் வாங்கிக் கொடுத்த இரண்டு சோடாவில் முகம் கழுவினார்.

"எல்லாம் அந்தக் காலத்துதானுங்க. மூச்சுதான் விட முடியல," என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பரிசு ஒரு ஃபியட்டுக்குப் போனது.

திரும்பும்போது நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு மலை ஏறினோம். எழுபது வளைவு. நான் வளைவுகளை எண்ணிக்கொண்டே ஓட்டினேன். கடைசியாக ஓட்டுகிறோம் என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ராஜாமணி சேலையில் விழுந்திருந்த ஒரு மிளகை எடுத்துக் கடித்தாள். முப்பத்தெட்டாவது வளைவில் பேசினாள்.

"நம்மூட்டு மொளகு ரெண்டு வருசமாப் பூசணம் புடிச்சு வீணாப் போச்சுங்க. இது பாருங்க, கல்லாட்டமிருக்குது."

அவளே ஃபோனை எடுத்து, வண்டி விற்பனைக்கு இல்லை என்று அந்த ஆளிடம் சொன்னாள். அடுத்த வளைவில் பாப்பாத்தியைக் கூப்பிட்டு, எத்தனை தட்டு, எத்தனை நாள் என்று கேட்கத் தொடங்கினாள். வளைவு முடிவதற்குள், தை முதல் மாசி வரை என் கார் என்னுடையது இல்லை என்று முடிவாகிவிட்டது.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் தும்மினாலும், பெங்களூரில் இருக்கும் என் மகள் வீட்டில்கூட, "அப்பா ஏசி போட்டுட்டாரு" என்கிறார்கள். மருமகன் சளி மாத்திரை வாங்கும்போது மருந்துக்கடைக்காரரிடமும் இதைச் சொல்லிச் சிரிப்பதாகக் கேள்வி. ஆட்டைக் கட்டத் தனிக் கொட்டகை போட வேண்டியதாயிற்று. அதையும், நடுவரின் இரண்டு சோடாவையும் சேர்த்து, இந்த ஏசிக்கு எனக்கு ஆன மொத்தச் செலவு: ஒரு லட்சத்து நாலாயிரத்து முந்நூற்று அறுபது ரூபாய்.