மொக்கைச்சாமி பார்க்காத படம்

மொக்கைச்சாமி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டதாகப் பாண்டியராஜன் சொன்னது, தட்டில் விழுந்த தோசைக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தபோது. மொக்கைச்சாமி பார்க்கவில்லை. பார்த்தவர் பாண்டியராஜன்தான்.

படத்துக்கு அழகான தமிழ்ப் பெயர் ஒன்று இருந்தது. ஊரில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. டிரெய்லர் வந்த நாளிலிருந்து 'அந்தப் படம்' என்றாலே எல்லோருக்கும் புரிந்தது. பெரியவர்களுக்கு மட்டும் என்று போட்டிருந்தார்கள். பாண்டியராஜனுக்கு நாற்பத்தெட்டு வயது, காலேஜ் போகிற மகள் வேறு. இருந்தாலும் மோட்டார் பேரிங் வாங்கப் போகிறேன் என்று வாடிப்பட்டிக் கடையைப் பூட்டிவிட்டு மதுரைக்கு வந்தவர், தியேட்டர் வாசலில் மாஸ்க்கைக் கண் வரைக்கும் ஏற்றிக்கொண்டுதான் டிக்கெட் கேட்டார்.

படம் அவரை நன்றாக ஏமாற்றியது. எதற்காகப் போனாரோ அது கொஞ்ச நேரம்தான் வந்தது, அதுவும் கரண்டு போன வீடு மாதிரி இருட்டில். மிச்ச நேரமெல்லாம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சாப்பிட்டார்கள், துணி மடித்தார்கள், மழையை வேடிக்கை பார்த்தார்கள். இடைவேளையில் முறுக்கு தின்றவர்கள் எல்லாம் டைரக்டரைத் திட்டினார்கள். பாண்டியராஜனும் மனசுக்குள் திட்டினார். ஆனால் கடைசியில் அந்தப் பெண் ஒரு பையில் நாலு துணியை அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அங்கே வீட்டில் புருஷன்காரன், அவள் போனது தெரியாமல், இரண்டு தம்ளரில் காபி ஆற்றிக்கொண்டிருந்தான். பெயர்கள் ஓட ஆரம்பித்தபோது பாண்டியராஜனின் மாஸ்க் நனைந்திருந்தது.

படம் என்று ஒன்றைப் பார்த்தால் யாரிடமாவது அதைத் திட்ட வேண்டும். இல்லாவிட்டால் நெஞ்சை அடைக்கிறது. அதனால்தான் நண்பர் மொக்கைச்சாமி பேச்சுக்குள் வந்தார்.

"எப்படி இருக்காம்?" என்று தோசையைத் திருப்பியபடியே கேட்டாள் அவர் மனைவி தமிழ்ச்செல்வி.

"குப்பைங்கிறான். ஆனா அழுகை வந்துருச்சாம்."

"ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லுங்க."

"ரெண்டுந்தானாம். அந்தப் பொம்பள போனது தப்புங்கிறான். புருஷன் குடிக்கலை, அடிக்கலை, நேரத்துக்கு வீட்டுக்கு வாரான். அம்புட்டு நல்ல மனுஷனை விட்டுட்டு எதுக்குப் போகணும்?"

தமிழ்ச்செல்வி கரண்டியோடு திரும்பினாள். வில்லாபுரத்தில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன் அவள். நாள் முழுக்க ஊரார் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வருவதால் முகத்தில் லேசில் எதையும் காட்டமாட்டாள்.

"எங்க ரோகிணி சிஸ்டரும் பார்த்தாளாம். போனதுதான் சரிங்கிறா."

"ஏனாம்?"

"கேட்டுச் சொல்றேன்."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்திருக்கும். பாண்டியராஜனுக்கு ரோகிணி மேல் கோபம்தான் வந்தது.

மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு இருவர் மட்டும் இருந்த வீட்டில், அன்றிலிருந்து நான்கு பேர் குடித்தனம் நடத்தினார்கள். காலையில் காபி வரும்போதே கூட ரோகிணியும் வந்தாள்.

"ரோகிணி சொல்றா, அந்தாளு வீட்டுல பேசுறதே நாலு பேச்சுதானாம். கேஸ் வந்துச்சா, தண்ணி வந்துச்சா, சோறு வை, லைட்ட அமத்து."

"பேச்சுக் கொறஞ்சவனுக்குப் பாசம் இருக்காதான்னு கேக்குறான் மொக்கைச்சாமி."

"இருந்தா எடுத்துக் காட்டச் சொல்லுங்க. பீரோவுல பூட்டி வச்சிருக்காராமா?"

பாண்டியராஜன் காபியை வைத்துவிட்டார். கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் கேஸ் வந்துச்சா என்று கேட்டிருந்தார்.

கடையில் உட்கார்ந்தால் வியாபாரம் ஓடவில்லை. முக்கால் இஞ்ச் பைப் கேட்டவருக்கு ஒண்ணரை இஞ்ச் பைப்பை எடுத்து நீட்டினார். இவளும் ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால்? உசிலம்பட்டிப் பக்கம் அவருடைய சொந்தக்காரர்கள் வீட்டில் எல்லாம் சண்டை என்றால் தெரு முழுக்கக் கேட்கும். கேட்டால் நாலு பேர் வந்து சமாதானம் செய்வார்கள். சத்தமே போடாத வீட்டுக்கு யார் வருவார்கள்? இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது. வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனுஷன். ஆனால் அவள் இல்லாத வீட்டை நினைத்தபோது, கேஸ் வந்துச்சா என்று யாரிடம் கேட்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

சரி, மொக்கைச்சாமியை இறங்கிப் போகச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார்.

"அவன் மனசு மாறிட்டான்," என்றார் அன்று சாயங்காலம். "அவ மேல தப்பில்லையாம். புருஷந்தான் கவனிச்சிருக்கணுமாம். சொல்லிட்டு டீக்கடையில உக்காந்து அழுதுட்டான்."

தமிழ்ச்செல்வி கீரை ஆய்வதை நிறுத்தினாள். "அழுதாரா? மொக்கைச்சாமி அண்ணனா?"

"ஆமா."

"ஒரு படத்துக்கா அவரு அப்படி அழுவாரு? வீட்டுல என்னமோ நடந்திருக்கு. தங்கப்பொண்ணு மதினி கோவிச்சுக்கிட்டாங்களா?"

பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. "இருக்கும்," என்றார்.

"இருக்கும்னு சும்மாவா இருக்கிறது? ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிடுறேன். மதினிகிட்ட நான் பேசிக்கிறேன்." அவர் வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் போன் தங்கப்பொண்ணுவின் காதுக்குப் போய்விட்டது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் மொக்கைச்சாமியை வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பிடித்தார். மொக்கைச்சாமி பிளஸ் டூ கணக்கு வாத்தியார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கையிலிருந்த வடை இரண்டாகப் பிய்ந்தது.

"நானா? டேய் மாப்ள, எவனாச்சும் அந்தப் படத்துப் பக்கம் தலைவச்சுப் படுத்தா டி.சி.யைக் குடுத்து அனுப்பிருவேன்னு பிரேயர்ல பேசிருக்கேன்டா."

"ஒரு மத்தியானம் மட்டும் பார்த்தவனா இரு. கறிச்சோறு."

"தங்கப்பொண்ணு காதுக்குப் போனா?"

"அவங்க முன்னாடி பேச்சே வராது. நான் பார்த்துக்கிறேன்."

சுக்கா உண்டா என்று மொக்கைச்சாமி கேட்டார். உண்டு என்றார் பாண்டியராஜன்.

"அப்ப கதையைச் சொல்லு."

பாண்டியராஜன் சொன்னார். வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டார்.

"எதுக்குப் போறா?"

"காரணம்னு ஒண்ணும் இல்ல. போறா."

"அதெப்படி? ஸ்டெப் போடாம விடை எழுதுனா நான் பாதி மார்க்குதான் போடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாசலிலேயே தங்கப்பொண்ணு, "மூக்குத்தி புதுசா மதினி? அம்புட்டு எடுப்பா இருக்கு," என்றாள். அதிர்ந்து பேசாத பெண், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுவாள். பாண்டியராஜன் அதைக் கவனிக்கவில்லை. அவர் மொக்கைச்சாமிக்குக் கண் ஜாடை காட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

நால்வரும் ஒன்றாகவே சாப்பிட உட்கார்ந்தார்கள். குழம்பு ஊற்றி முடிக்கும் முன்பே தமிழ்ச்செல்வி ஆரம்பித்துவிட்டாள்.

"மதினி, மனசுல எதையும் வச்சுக்காதீங்க. அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்துட்டுத் திருந்திட்டாரு."

தங்கப்பொண்ணு புருஷனைப் பார்த்தாள். "எந்தப் படத்தை?"

"அந்தப் படத்தைத்தான்."

"இவரா?" தங்கப்பொண்ணு சோற்றைப் பிசைந்தாள். "எந்தத் தியேட்டர்ல?"

மொக்கைச்சாமிக்கு அந்தப் பாடம் சொல்லித் தரப்படவில்லை. பாண்டியராஜன் சுக்காவை நகர்த்தி வைத்தார், தண்ணீரை நகர்த்தி வைத்தார், கடைசியில் தன் இலையையே நகர்த்தினார். ஒன்றும் பலிக்கவில்லை.

"தியேட்டரா முக்கியம்?" என்றார் மொக்கைச்சாமி, பாடம் எடுக்கிற குரலில். "கருத்துதான் முக்கியம். அந்தப் பொண்ணு வேலைக்குப் போகணும்னு சொல்லுது, மாமியார் விடலை. அதான் ரயில் ஏறிப் போகுது."

"மாமியாரே இல்லையேண்ணே," என்றாள் தமிழ்ச்செல்வி. "ரயிலும் இல்ல, பஸ்ஸு. ரோகிணி சொன்னா."

"பஸ்ல எங்க ஏறுனா?" என்றார் பாண்டியராஜன். "பஸ் ஸ்டாண்டுல பெஞ்சுல உக்காந்திருப்பா, அம்புட்டுதான்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"மொக்கைச்சாமி சொன்னான்," என்றார்.

"நான் ரயில்னுதானே சொன்னேன்," என்றார் மொக்கைச்சாமி, நேர்மையான வாத்தியார்.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் நாலு நாளாகச் சேர்ந்திருந்தது பாண்டியராஜனுக்குள் பொங்கிவிட்டது. "எதுல போனா என்ன? அந்த மனுஷன் என்ன தப்புப் பண்ணான்? அதை மட்டும் சொல்லு."

"ஒண்ணும் பண்ணலை. அதான் தப்பு," என்றாள் தமிழ்ச்செல்வி. "அவ தலைமுடிய வெட்டிக்கிட்டு வந்து முன்னாடி நிக்கிறா. நிமிந்து பார்த்தானா? தட்டைத்தான் பார்த்துச் சாப்பிடுறான்."

"பார்க்காம இருந்தா பாசம் இல்லைன்னு ஆயிருமா? காபி ரெண்டு தம்ளர்ல ஆத்துறான்ல? அது யாருக்கு?"

"காபி யாரு கேட்டா? இந்த மூக்குத்தி மாத்தி எம்புட்டு நாளாச்சு தெரியுமா? மதினி வாசப்படி ஏறும்போதே கேட்டுட்டாங்க."

பாண்டியராஜன் நிமிர்ந்தார். பச்சைக்கல் மூக்குத்தி. அவளுக்கு அழகாகத்தான் இருந்தது. ரோகிணி எங்கே போனாள், மொக்கைச்சாமி எங்கே போனார் என்று இருவரும் தேடவில்லை.

"நீ பார்த்தியா அந்தப் படத்தை?" என்றார்.

"பார்த்தேன். லேபுல பெர்மிஷன் போட்டுட்டு, புதன்கிழமை மத்தியானம். நீங்க?"

"பார்த்தேன்."

மொக்கைச்சாமி இதுதான் சமயம் என்று, "நான் பார்க்கலை. இப்பச் சொல்லிக்கிறேன்," என்றார். யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை.

"அவ போனது சரின்னு சொல்றியே," என்றார் பாண்டியராஜன். "நீயும் போயிருவியா?"

தமிழ்ச்செல்வி இலையில் விரலால் கோடு போட்டாள்.

"போகணும்னு நினைச்சதில்லை. ஆனா அவ அந்தப் பெஞ்சுல உக்காந்தப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அது ஏன்னு நினைச்சுத்தான் ஆட்டோவுல வரும்போது அழுதேன்."

"எனக்கு அந்த ரெண்டு தம்ளரைப் பார்க்க முடியலை," என்றார் அவர். "எனக்கு நாலு பேச்சுக்கு மேல வராது தமிழு, உனக்கே தெரியும். ஆனா அவ திரும்பி வரவே மாட்டாள்ல, அதை நினைச்சா நாலு நாளா எனக்குச் சோறு இறங்கலை."

"அதான் எனக்கும்," என்றாள் அவள், மெதுவாக. "சரின்னு சொல்றேனே தவிர, வராமப் போயிட்டாளேன்னு எனக்கும் இருக்கு."

மொக்கைச்சாமி சுக்காவைப் பார்த்தார், எடுப்பது மரியாதையாக இருக்காது என்று கையை இழுத்துக்கொண்டார். தியேட்டரைக் கேட்டதோடு சாப்பாட்டுக்குத் திரும்பியிருந்த தங்கப்பொண்ணு, முருங்கைக்காயைச் சப்பி இலையோரத்தில் வைத்துவிட்டு, புருஷன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"அந்தப் புதன்கிழமை மத்தியானம் பின்வரிசையில இருந்து நானும் பார்த்துக்கிட்டுத்தான்ணே இருந்தேன், டைட்டில் ஓட ஆரம்பிச்சதும் நீங்க ஒரு வாசல்லயும் மதினி ஒரு வாசல்லயும் முகத்தை மூடிக்கிட்டு ஓடிட்டீங்க, அது ஓடி முடிஞ்சப்புறந்தான் அவ பையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குத் திரும்பி வாரா."