ஹெலிகாப்டரில் செத்தவர் யார்?

கோலார் தங்க வயலில் சொந்தமாக ஹெலிகாப்டர் வைத்திருந்த ஒரே மனிதர் பைலட் அண்ணன்தான். சொந்த ஹெலிகாப்டரில் ஒருமுறைகூட ஏறி உட்காராத ஒரே மனிதரும் உலகத்திலேயே அவராகத்தான் இருப்பார்.

அவர் பறந்தவர் இல்லை. சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கூண்டை, தரைமேல் இன்ஜின் ரூமில் உட்கார்ந்து ஓட்டியவர். கீழேயிருந்து கல்லுக்கு ஒரு மாதிரி, ஆளுக்கு ஒரு மாதிரி மணி அடிப்பார்கள், அதற்கேற்ப லிவரைத் தள்ளுவார், இழுப்பார். கல் ஏறினால் சர்ரென்று தூக்குவார். ஆள் ஏறினால் கையிலிருக்கும் டீ சிந்தாது.

தொண்ணூறுகளின் நடுவில் வேலையை விட்டவர், பங்காருப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில் அந்த ஹெலிகாப்டரைப் பார்த்தார். முன்னால் கண்ணாடிக் குமிழ், உள்ளே இரண்டு சீட்டு, பின்னால் வெறும் கம்பிக்கூடாக வால். மேலே ரெக்கை கிடையாது. "இதுவும் கூண்டுதான் தம்பி, கயிறுதான் இல்ல" என்றார் என்னிடம்.

தங்க வயலின் கோரமண்டல் பகுதியில் அவர் வீட்டு வாசலில் லாரி வந்து நின்ற ஒரு மணி நேரத்தில் அவருடைய சொந்தப் பெயர் காணாமல் போனது.

"இன்னா பைலட்டு, பெங்களூர் ட்ரெயினு லேட்டாவுதுன்னு இத புடிச்சிட்டியா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"ஆமா, உன்ன வால்ல கட்டிக்கினு போறேன், வா."

அண்ணனின் மனைவி கன்னியம்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இதுல எவனாவது செத்துருக்கானா?"

"எனக்கு எப்டிம்மே தெரியும்?"

"தெரிஞ்சிக்கினு வா. யாரும் சாவலன்னா வூட்டுக்கு வரேன். அதுவரைக்கும் தங்கச்சி வூட்ல இருக்கேன்." பையை எடுத்துக்கொண்டு மாரிகுப்பத்துக்கு ரயில் ஏறிவிட்டார்.

அக்கா கேட்டதில் நியாயம் இருந்தது. அவருடைய தம்பி சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்தவன். அவனை மேலே கொண்டுவந்தது அண்ணன் ஓட்டிய கூண்டுதான். உள்ளே யார் என்று அவருக்குத் தெரியாது. வந்தது ஆளுக்கு அடிக்கும் மணி. சிந்தாமல்தான் தூக்கினார்.

நான் அப்போது பெங்களூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு ஊர்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அண்ணன் என் சட்டையைப் பிடித்தார். "பேப்பர்காரன்தானே நீ? இத யார் யார் வெச்சிருந்தாங்கன்னு கண்டுபுடி. வாரம் பூரா உப்புமாவே துன்றேன்."

இரும்புக் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "எத்தன கிலோன்னு கேப்பாங்க. எத்தன சாவுன்னு யாரும் கேட்டதில்லீங்க." அவர் கைகாட்டியது பெங்களூரில் சினிமாவுக்குச் சாமான் வாடகைக்கு விடும் ஒருவரை.

"இதுல யாராச்சும் செத்தாங்களா?" என்று அண்ணன் அவரிடம் கேட்டார்.

"மூணு படத்துல வில்லன் இதுலதாங்க செத்தாரு."

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம்?"

"எழுந்து பிரியாணி சாப்பிட்டாரு."

அந்த வாடகைக்காரருக்கு அதை விற்றது சக்லேஷ்பூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக் குடும்பம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போனோம். தோட்ட முதலாளியின் மகள் கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார். முதலில் வைத்திருந்தது பயிருக்கு மருந்தடிக்கும் ஒரு கம்பெனி. அதன் விமானியே இங்கே ஓட்டிவந்து இறக்கி, மதியம் கடுபு சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் ஊர் திரும்பினார். கம்பெனியில் இருந்தவரை யாருக்கும் கீறல்கூட இல்லை என்று சத்தியம் செய்தாராம். அதன்பின் அது பறக்கவே இல்லை.

அண்ணன் சந்தோஷமாகக் கும்பிட்டு எழுந்தார். அப்போதுதான் அந்த அம்மாள், "எங்க அப்பா அதுலதான் போனார்" என்றார். எப்படி என்பதையும் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் நான் மெல்ல ஆரம்பித்தேன். "அக்காகிட்ட இத சொல்லணுமாண்ணா? யாருக்குத் தெரியப்போவுது?"

"அடிச்ச மணிய கேக்கலன்னு சொல்ல முடியாது தம்பி. அவ வரலன்னா அத இரும்புக்கே போட்டுடறேன்."

மாரிகுப்பத்தில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஒருத்தரு செத்துருக்காரு."

அக்காவின் கை நின்றது. "எங்க போறப்ப?"

"எங்கயும் போல. தோட்டத்துல சும்மா நின்னுக்கினு இருந்திச்சி. டெய்லி சாயந்தரம் அதுல குந்தி காபி குடிப்பாராம். அன்னிக்கும் குடிச்சாராம்."

"முழுசா குடிச்சாரா?"

"கப்பு காலியாதான் இருந்திச்சாம்."

"எறக்கனது யாரு?"

"பொண்டாட்டியும் பொண்ணும்."

அக்கா கடைசிச் சேலையை மடித்தார். அதைப் பையில் வைத்தார். "அப்ப அவரு வூட்லதான்யா செத்துருக்காரு. பைய எடு."

அன்று சாயங்காலமே டீ கிளாசோடு அக்கா ஹெலிகாப்டரில் ஏறினார். அண்ணன் வெளியே நின்று, வாலில் தொங்கவிட்டிருந்த மணியை அடித்தார். ஆளுக்கு அடிக்கும் மணி. பிறகு இல்லாத லிவரைப் பிடித்து மெல்ல இழுத்தார். கண் அக்காவின் கிளாஸ்மேல் இருந்தது.

"இன்னாய்யா, நீ ஏறலியா?"

"நான் ஏறிட்டா யாரும்மே ஓட்றது?"

இரண்டாயிரத்தொன்றில் சுரங்கத்தை மூடினார்கள். நானும் பெங்களூருக்கு வந்துவிட்டேன். ஆபீஸ் ஏழாவது மாடியில். சில நாட்களில் லிஃப்ட் குலுங்காமல் போய் நிற்கும். அன்றைக்கெல்லாம் இறங்குவதற்கு முன் ஒருமுறை மேலே பார்த்துக்கொள்வேன், அண்ணன் உட்கார்ந்திருக்கிறாரா என்று.